சந்தா நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: ஃபாதர், நான் ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்தவள், எங்கள் தெரு அன்பியத்தின், அதாவது பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழுவின், பொறுப்பாளர். கோயிலை விட்டு விலகிப்போன கத்தோலிக்கரைத் திரும்ப அழைக்க ஒரு குழு வேண்டும் என்று பங்குப் பேரவையில் முடிவாகி, பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்கள். தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் வைக்கலாம், பெயர்பெற்ற குருவானவர் ஒருவரை அழைக்கலாம், நோட்டீஸ் அடிக்கலாம், வராத குடும்பங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். குடும்பங்கள் பங்குக்குக் கட்டும் சந்தாவின் நோட்டைப் புரட்டினாலே யார் வருவதில்லை என்று தெரிந்துவிடும் என்கிறார் எங்கள் கணக்கர். நான் எங்கிருந்து தொடங்குவது? இதில் இன்னொரு சங்கடம், என் சொந்தத் தம்பியே கோயிலுக்கு வருவதில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று பாக்கிச் சந்தாவைக் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள் என்று இன்றுவரை கோபமாக இருக்கிறான். – ஓர் அன்பியப் பொறுப்பாளர்

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தியானம், நோட்டீஸ், பட்டியல் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தம்பியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குழுவின் முதல் வேலை அந்த வரியில்தான் இருக்கிறது. தகப்பன் உடல் வீட்டில் கிடக்கும்போது மகன் கோயில் அலுவலகத்தில் நின்று பழைய ரசீதுகளைத் தேடியிருக்கிறார். அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தா வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. கோயிலுக்கும் மின்கட்டணம் வருகிறது, கோயில்பிள்ளைக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் திருச்சபைச் சட்டம் இந்த விஷயத்தில் குழப்பமில்லாமல் பேசுகிறது. அருட்சாதனங்களுக்கு முறைப்படி நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது, வறுமை காரணமாக யாருக்கும் அவை கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது 848ஆம் சட்டம். அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்கிறது 1181. இதெல்லாம் எந்தக் குருவுக்கும் தெரியாததல்ல. பல பங்குகளில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் குருவாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். சான்றிதழ் கேட்டு வருகிறவரிடம் அவர் முதலில் திறப்பது சந்தா நோட்டை. ஐந்து வருடப் பாக்கி என்று சிவப்பு மையில் எழுதியிருப்பதைத் தலைகீழாகவே படித்துவிட்டு, "அப்புறம் வருகிறேன்" என்று திரும்பிப் போகிறவர்கள் அநேகம். அந்த "அப்புறம்" பத்து வருடமாகிவிடும்.

ஆகவே குழுவுக்குப் பெயர் வைக்கும் முன், ஜெபம் எழுதும் முன், பங்குத்தந்தையிடம் போய் ஒன்று கேளுங்கள். அடக்கம், திருமுழுக்கு, சான்றிதழ் இவற்றுக்கு வருகிறவரிடம் சந்தா பாக்கியைப் பற்றிப் பேசக் கூடாது என்பதையும், இத்தனை வருடம் வராதவர்களின் பழைய பாக்கி தள்ளுபடி என்பதையும் அவர் பீடத்திலிருந்தே அறிவிக்க வேண்டும். பேரவையில் முணுமுணுப்பு எழும். "ஒழுங்காகக் கட்டியவர்கள் முட்டாள்களா?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். ஊதாரி மகனின் அண்ணனும் அதையேதான் கேட்டான். லூக்கா 15ஆம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கணக்கர் கொடுக்கும் சந்தா நோட்டை வீடு சந்திக்கப் போகும்போது கையில் எடுத்துப் போகாதீர்கள். அதன் அட்டை நிறம் தெரிந்தாலே கதவு பாதிதான் திறக்கும்.

பட்டியலைப் பலகையில் ஒட்டுவது கூடவே கூடாது. மானம் போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வடசென்னைப் பங்கு மக்களில் கணிசமானோர் தலித் மக்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவருக்கு அட்டவணைச் சாதி உரிமை கிடையாது. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் கதவைத் திறந்தார்கள். நமக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார். அதனால் எத்தனையோ வீடுகளில் பெயர் அந்தோணி, சான்றிதழில் இந்து. பிள்ளைக்கு விடுதி இடமோ அரசு வேலையோ கிடைக்கிற நேரத்தில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவதே அவர்களுக்கு ஆபத்தாகத் தோன்றுகிறது. அது வெறும் பயமல்ல. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் வேலைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், அவர் திருமுழுக்குப் பெற்றதையும் கோயிலுக்குப் போய்வருவதையும் சுட்டிக்காட்டித்தான் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது.

இப்படிப்பட்ட குடும்பத்தின் பெயரை நீங்கள் பலகையில் ஒட்டினால், அல்லது அவர்கள் வீட்டில் செபமாலை சொன்ன படத்தை அன்பிய வாட்ஸ்அப்பில் போட்டால், அவர்கள் மறுபடி கதவைத் திறக்கவே மாட்டார்கள். அவர்கள் என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆலோசனை சொல்லாதீர்கள். "வேலைக்காக வேதத்தை விட்டவர்கள்" என்ற பேச்சு உங்கள் குழுவில் எழுந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அந்த ஆணை வந்த ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கும் திருச்சபையின் பிள்ளைகள் நாம். சட்டத்தின் அநீதிக்கு அதன் பலியாட்களை ஏசக் கூடாது.

இனி பட்டியலுக்கு உள்ளே போவோம். "வராதவர்கள்" என்று ஒரே தலைப்பின்கீழ் நீங்கள் எழுதிவைத்திருப்பவர்கள் ஒரே ரகம் அல்லர். சிலர் ஊரிலேயே இல்லை. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வீடு மாற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெயர் இன்னும் பழைய பங்கு ஏட்டில் கிடக்கலாம். அவர்கள் அங்கே ஒழுங்காகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கவும் கூடும். முதலில் தபால்காரர் வேலையைச் செய்யுங்கள். பட்டியலில் பாதி அங்கேயே கரையலாம்.

சிலருக்கு நேரம்தான் தடை. காசிமேட்டில் மீன் வியாபாரம் உச்சத்தில் இருப்பது ஞாயிறு காலையில். கூடை சுமக்கிற அம்மாவிடம் ஏழரை மணிப் பூசைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்பது நியாயமா? சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்கிறது 1248ஆம் சட்டம். உங்கள் பங்கில் சனி மாலைப் பூசை இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். விசைப்படகில் போகிற ஆண்களைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் ஆள் கரையில்தான் இருப்பார். கையில் பணம் இல்லாத காலமும் அதுதான் என்பதை மறக்காதீர்கள். காணிக்கை உறையோடு போகிற வேளை அதுவல்ல.

அடுத்தவர்கள், திருமணத்தால் விலகியவர்கள். உங்கள் பட்டியலில் இவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பையன் கத்தோலிக்கன், பெண் இந்து. பதிவாளர் அலுவலகத்திலோ பெண் வீட்டார் கோயிலிலோ தாலி கட்டியிருப்பார்கள். "இனிமேல் உனக்கு நன்மை (நற்கருணை) கிடையாது" என்று யாரோ ஓர் அத்தை சொல்லியிருப்பார். அதோடு சரி. பிள்ளைகளுக்குத் திருமுழுக்கும் இல்லை, பாட்டி செத்தால் மட்டும் கோயில்.

இவர்களிடம் சொல்ல உங்கள் கையில் நல்ல செய்தி இருக்கிறது. அந்தத் திருமணத்தைத் திருச்சபை முறைப்படி செல்லுபடியாக்க வழி உண்டு. மனைவி மதம் மாற வேண்டியதில்லை. ஆயரின் விதிவிலக்குப் பெற்று, இரண்டு சாட்சிகளோடு குருவானவர் முன்னால் மறுபடி சம்மதம் சொன்னால் போதும். மண்டபமும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். "நான் ஒருமுறை கல்யாணம் செய்தாயிற்று, மறுபடி எதற்கு?" என்று மனைவி மறுத்தாலும் கதவு அடைபடாது. சம்மதத்தைப் புதுப்பிக்காமலே, பழைய சம்மதத்தை ஏற்று ஆயர் அந்தத் திருமணத்தைச் சீராக்கலாம் என்கின்றன 1161 முதல் 1165 வரையிலான சட்டங்கள். கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். வேலை என்னவோ திருமுழுக்குச் சான்றிதழ், ஒரு விண்ணப்பம், கொஞ்சம் பொறுமை. பல தம்பதியருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது; இருபது வருடம் தங்களைத் தள்ளிவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டே வாழ்கிறார்கள்.

மணமுறிவு ஆனவர்கள் விஷயத்தில் இன்னும் அதிக அறியாமை. நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிவிட்டுத் தனியாக வாழும் பெண் நற்கருணை வாங்கத் தடையே இல்லை. மறுமணம் செய்தவரும் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டவர் அல்லர் என்பதை இரண்டாம் யோவான் பவுல் 1981லேயே எழுதிவிட்டார். முதல் திருமணம் செல்லுமா என்று ஆராயும் மறைமாவட்ட நடுவர்மன்ற நடைமுறையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எளிமையாக்கினார். இரண்டு மன்றங்களின் தீர்ப்பு வேண்டும் என்ற பழைய விதி போய்விட்டது. ஆனால் இதையெல்லாம் வாசற்படியில் நின்று நீங்கள் தீர்த்துவைக்கப் பார்க்காதீர்கள். "உங்களுக்கு நன்மை உண்டு", "இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. "ஃபாதரிடம் ஒரு மணி நேரம் வாங்கித் தருகிறேன், நானும் கூட வருகிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். அந்த "கூட வருகிறேன்" முக்கியம். தனியாக அலுவலகப் படி ஏறுவதற்குத்தான் அவர்களுக்குத் தைரியம் இல்லை.

கத்தோலிக்கமல்லாத சபைகளுக்குப் போய்விட்டவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "பிரிவினைக்காரர்கள்" என்ற சொல்லை உங்கள் குழு மறந்துவிடட்டும். அம்மா ஸ்டான்லி மருத்துவமனையில் கிடந்தபோது படுக்கையருகே வந்து ஜெபித்தவர் பாஸ்டர் என்றால், மகள் அங்கே போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவரோடு மாதாவைப் பற்றி வாதாடாதீர்கள். வாதத்தில் ஜெயித்தாலும் ஆளைத் தோற்பீர்கள். அவர் திரும்பி வர விரும்பினால், அங்கே மறுபடி தண்ணீரில் முழுகி எடுத்திருந்தாலும் பழைய திருமுழுக்கு அப்படியே இருக்கிறது என்று சொல்லுங்கள். அது அழியாது, திரும்பக் கொடுக்கப்படுவதும் இல்லை. பங்குத்தந்தையிடம் பேசி, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து, பீடத்துக்கு வரலாம். வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தியதால் சொந்த வீட்டுப் பத்திரம் செல்லாமல் போய்விடுவதில்லை.

கோபத்தில் விலகியவர்கள் தனி. திருவிழாக் கமிட்டிச் சண்டை, தேர் எந்தத் தெருவழியாகப் போகும் என்ற தகராறு, சாதிப் பேச்சு, மறைக்கல்வி வகுப்பில் பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டியது. இங்கே உங்கள் வேலை கேட்பது மட்டும்தான். "அப்படி நடந்திருக்காது", "அந்த ஃபாதர் இப்போது மாறிப் போய்விட்டார்" என்று பங்குக்காக வக்காலத்து வாங்காதீர்கள். தப்பு நடந்திருந்தால், "நடந்தது தப்புதான்" என்று பங்கின் சார்பில் சொல்ல உங்களுக்கு அதிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தம்பிக்கு இது உடனே உதவும். அவர் வீட்டுக்குக் குழுவாக நீங்கள் போக வேண்டாம். அக்கா என்ற முறையில் சாப்பிடப் போங்கள், குழுவின் பெயரால் போகாதீர்கள். முடிந்தால் பங்குத்தந்தையே போகட்டும். அன்றைக்கு இருந்தவர் அவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இந்தக் கோபக் கதைகளுக்கு நடுவே, சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதை ஒருவர் சொல்லக்கூடும். அப்போது அது மேய்ப்புப்பணி விஷயமாக இருக்காது. மறைமாவட்டத்தில் இதற்கென உள்ள பொறுப்பாளரிடம் போக வேண்டும். குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சமாதானப்படுத்தி மூடிவைக்கும் வேலையை உங்கள் குழுவில் யாரும் செய்யக் கூடாது.

சரி, எந்த நாளில் தொடங்குவது? தியானத்தை விட்டுவிடுங்கள். மூன்று நாள் தியானத்துக்கு ஏற்கெனவே தினமும் பூசைக்கு வருகிறவர்கள்தான் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். நான் நவம்பர் 2ஐத் தேர்ந்தெடுப்பேன். கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் நின்று பாருங்கள். வருடம் முழுக்கக் கோயில் பக்கம் தலைகாட்டாத ஆண்கள் காலையிலேயே வந்து புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, காற்றில் அணைகிற மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்து மறுபடி கொளுத்திக்கொண்டிருப்பார்கள். குருவானவர் பக்கத்து வரிசைக்கு வந்தால், "ஃபாதர், எங்கள் அம்மாவுக்கும் மந்திரித்துவிட்டுப் போங்கள்" என்று ஓடிவந்து கூப்பிடுவார்கள். இவர்களையா விசுவாசத்தை விட்டவர்கள் என்கிறோம்?

அங்கே ஒலிபெருக்கி வேண்டாம், துண்டுப் பிரசுரம் வேண்டாம். குழுவினர் இரண்டிரண்டு பேராக நடந்து, இறந்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "இந்த மாதம் பங்கில் பூசையில் இவர்களுக்காக ஜெபிக்கிறோம், என்றைக்கு என்று தகவல் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். பூசைக்கருத்துக்குக் காசு வாங்காதீர்கள். அந்தச் செலவைப் பேரவை ஏற்கட்டும். ஒரு வாரம் கழித்து அந்தத் தகவலைச் சொல்ல வீட்டுக்குப் போகலாம். அழைக்கப்பட்டுப் போவதற்கும் அழைக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை வாசலிலேயே உணர்வீர்கள்.

வீட்டுக்கு இரண்டு பேராகப் போவதை மரியாயின் சேனை என்ற பக்தசபையினர் 1921இல் டப்ளினில் தொடங்கிய நாள்முதல் செய்துவருகிறார்கள். உங்கள் பங்கில் சேனை இருந்தால் அவர்களையே பயிற்சியாளராக வையுங்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போனால் நல்லது. போய், "அண்ணா, பார்த்து நாளாயிற்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வந்தோம்" என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். மற்றவர் தரையில் உட்காருங்கள். சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்தின் பக்கத்தில் முருகன் காலண்டர் தொங்கும். அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். "ஏன் வருவதில்லை?" என்று முதல் தடவை கேட்கவே கேட்காதீர்கள், மூன்றாவது தடவை அவர்களே சொல்வார்கள். ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டு, ஒரு பரலோக மந்திரத்தோடு எழுந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் பவுலிஸ்ட் துறவியர் தொடங்கிய 'லேண்டிங்ஸ்' என்ற முயற்சி இருக்கிறது. திரும்ப நினைப்பவர்களும் கோயிலுக்குத் தவறாமல் வருகிறவர்களும் சிறு குழுவாக வாராவாரம் கூடி, ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள். யாரும் குறுக்கிட்டுத் திருத்துவதில்லை. நம் தெருக்களில் பத்துப் பேர் உட்கார்ந்து அந்தரங்கம் பேசினால் மறுநாள் குழாயடிக்கு வந்துவிடும். எனவே அதை அப்படியே நகலெடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் குறுக்கிடாமல் கேட்பது என்ற விதியை மட்டும் கடன் வாங்குங்கள்.

பாவசங்கீர்த்தனம் என்றதும் பலர் பின்வாங்குவார்கள். தன்னைத் தெரிந்த பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சம். அக்கம்பக்கப் பங்குகள் சேர்ந்த மறைவட்டத்திலுள்ள குருக்கள் ஒருநாள் பங்கு மாற்றி உட்கார ஏற்பாடு செய்யுங்கள். தவக்கால நான்காம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனிகளில் 2014 முதல் 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்கு இதைப் பொருத்தலாம். முப்பது வருடம் கழித்து வருகிறவருக்கு ஜெபங்கள் மறந்திருக்கும். "மறந்துவிட்டது ஃபாதர்" என்று தொடங்கினாலே போதும் என்று முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். கருக்கலைப்பை ஆயர்தான் மன்னிக்க வேண்டும் என்று எண்ணிப் பல பெண்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கமே வருவதில்லை. 2016 நவம்பர் முதல் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. இதைக் குறிப்பாக யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள். பங்குத்தந்தை பிரசங்கத்தில் பொதுவாகச் சொல்லட்டும். யாருக்குத் தேவையோ அவர் காதில் விழும்.

குழுவில் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவராவது விலகியிருந்து திரும்பியவராக இருக்கட்டும். வாயாடிகளைப் பூ அலங்காரத்துக்கு அனுப்பிவிடுங்கள். கையில் ஒரு நோட்டு. அதில் பெயர், தெரு, போன தேதி, அடுத்துப் போக வேண்டிய தேதி. விலகிய காரணத்தை எழுதாதீர்கள், பேரவையில் வாசிக்கவும் செய்யாதீர்கள். பங்குத்தந்தைக்கு 528ஆம் சட்டம் இந்தப் பணியை விசுவாசிகளின் உதவியோடு செய்யும்படிக் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை அவரும் உங்களோடு நாலு வீடு வர வேண்டும் என்று உரிமையோடு கேளுங்கள். வருடக் கடைசியில், "எத்தனை பேர் திரும்பினார்கள்?" என்று பேரவையில் கணக்குக் கேட்பார்கள். முதல் வருடம் எத்தனை வீடுகளுக்குப் போனோம், எத்தனை வீடுகளில் மறுபடி வரச் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.